பல்லுக்குத் தெரிந்த புளிப்பு

மச்சான்,

இன்று காலை மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் ஒரு வீட்டு வாசலில் புளி மூட்டையின் வாயைப் பிரித்தார்கள். புதுப்புளி வாசனையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூக்கில் ஏறுவதற்கு முன்பே வாயில் தண்ணீர் ஊறியது. ஒரு துணுக்கு பிய்த்து நாக்கில் வைத்தேன். இடது கண் தானாக மூடிக்கொண்டது. மூடிய கண்ணோடு வலப்பக்கம் திரும்பினேன். நீ எப்போதும் நிற்கிற பக்கம். அங்கே ஒரு கோழி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கண்ணுல தூசியாங்க?” என்று மூட்டைக்கார அம்மா கேட்டார். ஆமாம் என்று துடைத்துக்கொண்டேன். துடைக்கவும் கொஞ்சம் இருந்தது.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் கீழே இருந்து வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள். இன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லாமல் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன்.

நீ மலை, நான் அடிவாரம். நமக்குள் கொடுக்கல் வாங்கல் கல்யாண உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் இருபது வருடத்துக்கு முன்னால் முதல்முறை பார்த்த அன்றே நீ என்னை மச்சான் என்றாய், அதனால் உன் வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். நீ மலையில் வீடு வீடாகப் போய்ப் புளியைத் தேர்ந்தெடுப்பாய். நான் கணியம்பாடி பக்கத்தில் இருக்கும் என் கோடவுனில் இறக்கி வேலூருக்கு அனுப்புவேன். நீ நாக்கில் வைத்தால் மரத்தையே சொல்வாய். “இது ஓடைக்கரை மரம், தண்ணி குடிச்சி சப்புன்னு கீது” என்பாய். “இது இடி வுழுந்த மரம் மச்சான், பாதி எரிஞ்சும் இன்னா புளிப்பு பாரு” என்பாய். நீ சரி என்று கட்டிய மூட்டையை நான் பிரித்துப் பார்த்ததே கிடையாது.

அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. வேலூரில் ஊறுகாய் போடுகிறவர் ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினார். “புளியில உப்பு கலந்திருக்கீங்களா, உப்புல புளி கலந்திருக்கீங்களா?” என்று போனில் கேட்டார். எடை ஏறவும் கெடாமல் இருக்கவும் சிலர் உப்பு கலப்பார்கள், நமக்குத் தெரியாததில்லை. கண்ணுக்குத் தெரியாது. நாக்கில் வைத்தால் யாருக்கும் தெரியும். மூட்டை மூட்டையாகப் பிரித்து வாயில் வைத்தேன். பாதிக்குமேல் உப்புக் கரித்தது. நீ பார்த்துக் கட்டிய மூட்டைகள்.

மறுநாளே மலையேறி வந்தேன். ஜீப் நிற்கிற இடத்து டீக்கடையில் நீ உட்கார்ந்திருந்தாய். புளி விற்கிறவர்கள் பத்துப் பேர் சுற்றி இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு அந்த நிதானம் எப்போது இருந்தது?

“உப்பு கலக்கறவனுங்களோட நீயும் கூட்டா மச்சான்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

நீ டீயை ஊதி ஊதிக் குடித்தாய். நீ சண்டைக்கு வருவாய் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீ சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாய். நான் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து உன் வீட்டுக்கு உப்பு வீடு என்று பேர். வைத்தது ஊர், ஆனால் எடுத்துக் கொடுத்தது நான்.

அப்புறம் ஒரு மாதம் நாம் பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டார். ஏரிக்கரையில் ஒரு பப், அங்கே பீர் காய்ச்சுவது அவர். அவருடைய அம்மா ஊர் ஆம்பூர் பக்கம், நம் பேச்சே பேசினார். எங்கோ மார்க்கெட்டில் நம் புளியை வாங்கிப் பீரில் போட்டுப் பார்த்திருக்கிறார். மூட்டையில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டு இன்னும் ஐந்து பெட்டி கேட்டார். “இந்தப் புளிய எடுத்தவர் யாரோ அவரையும் கூட்டிட்டு வாங்க சார். அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்” என்றார். பீரில் புளியா என்று நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கான புளியை நானே ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். உன்னை நம்பவில்லை.

உனக்கு ஆள் விட்டுச் சொன்னேன், ஆனால் நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக ஜீப்பிலிருந்து இறங்கினாய். பெங்களூர் வரைக்கும் வண்டியில் டிரைவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த இடம் நினைவிருக்கிறதா? மரப் பெஞ்சுகள், வேப்பமரம், கையெட்டும் தூரத்தில் ஏரி. தண்ணீரில் பாதிக்குமேல் ஆகாயத்தாமரை, மிச்சத்தில் நாலைந்து கொக்கு. கண்ணாடிக்குப் பின்னால் பால் டேங்கர் மாதிரி பளபளவென்று பெரிய பெரிய டேங்குகள். அரை டிராயர் போட்ட ஆண்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடிக்கிற பெண்கள், ஒரு நாய் நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து முதல்முறையாக என்னிடம் வாய் திறந்தாய். “மச்சான், இங்க நாய்க்குக்கூட மரியாதை கீதுடா. நாம தைரியமா உக்காரலாம்.” நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்தபடி வந்தார். குழி வைத்த பலகையில் நாலு சின்னக் கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். முதலாவது சாதா பீர், வித்தியாசம் தெரிவதற்காக. மற்ற மூன்றும் புளிப்பு. “தயிர் உறையுதில்ல, அதே மாதிரிதான். முதல்ல ஒரு நாள் புளிக்க விட்டு, அப்புறம்தான் காய்ச்சுவோம்” என்றார். இரண்டாவது வெறும் புளிப்பு. மூன்றாவதில் நம் புளி.

பீர் என்றால் கசக்கும் என்று மட்டுமே எனக்குத் தெரியும். இரண்டாவது கிளாஸை வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாள் வைத்த கூழ்த்தண்ணீரில் யாரோ எலுமிச்சம்பழம் பிழிந்து, ஐஸில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. முதல் வாய்க்கு முகம் சுருங்கியது. இரண்டாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் போல் இருந்தது. புளி போட்டது அதையும் தாண்டி. இடது கண் மூடித் திறக்க நேரம் எடுத்தது. தொண்டைக்குக் கீழே போனபிறகுதான் புளியின் அந்தப் பழுத்த சுவை மெதுவாக வந்தது. ஐம்பது வயதில் நாக்குக்கு ஒரு புது ஊர் பார்த்த மாதிரி இருந்தது. கோபத்தை மறந்து உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் உன் கிளாஸை எடுத்தாய். “இதாம்மா புளிப்பு. கடைசியில ஒரு இனிப்பு வருது பாரு, அது மேல்மலை மரம்” என்றாய். அந்தப் பெண் கைகூப்பாத குறை. “எப்படி சார், ஒரே வாயில?” என்றார். எனக்கு உன்மேல் பெருமையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவ்வளவு தெரிந்த நாக்குக்கா அந்த உப்பு தெரியாமல் போனது?

நீ கை கழுவக் குழாய்ப் பக்கம் போனபோது நாலாவது கிளாஸை நான் மட்டும் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். கடல் தண்ணீர். “இது ஜெர்மனி பக்கத்துப் பழைய வகை சார். உப்பு போட்டுக் காய்ச்சுவாங்க. நான் கொஞ்சம் தூக்கலாவே போட்டுட்டேன்” என்றார் அவர். எனக்குள் ஒரு அற்ப புத்தி எழுந்தது. உன்னை இதில் பிடித்துவிடலாம் என்று பட்டது. உப்பு என்று நீ சொன்ன அடுத்த நொடி, ‘இதுல மட்டும் தெரியுதா?’ என்று கேட்க வேண்டும். அந்தப் பெண்ணை வேறு யாரோ கூப்பிட, எழுந்து போனார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீ வந்தாய். “இதுல இன்னா கீது, சொல்லு பார்ப்போம்” என்று நாலாவதை நகர்த்தினேன். நீ வழக்கம்போல் முதலில் என் முகத்தைப் பார்த்தாய். அதில் ஒன்றும் இல்லை. கிளாஸை எடுத்தாய், மோந்து பார்த்தாய், வாயில் ஊற்றிக் கொப்பளித்து விழுங்கினாய். மறுபடி என் முகத்தைப் பார்த்தாய்.

“நல்ல புளிப்பு. கொஞ்சம் இனிப்பு” என்றாய்.

கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு இனிப்பு என்கிறாய். ஒரு கொக்கு பறந்து போய் மறுபடி வந்து உட்கார்ந்தது. இவன் திருடன் இல்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டேன்.

“போன மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து. மூக்கும் போச்சி, நாக்கும் போச்சி. வந்துரும் வந்துரும்னு பார்த்தேன்.” ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். “வூட்ல பசங்க மூஞ்சியப் பாத்துதான் உப்பு ஜாஸ்தின்னு சொல்லுவேன். இங்க உன் மூஞ்சியப் பாத்தேன். நீதான் கடைசியில மூஞ்சிய மறைச்சிட்ட.”

“அன்னைக்கு டீக்கடையில சொல்லியிருக்கலாம் இல்ல? பத்துப் பேர் முன்னால உன்னத் திருடன்னேனே!”

“திருடன்னா புளி தெரிஞ்சவன்னு அர்த்தம் மச்சான். நாக்கு செத்தவன்னா அதுவும் இல்ல.” அப்புறம் என் கையைப் பிடித்தாய். “யார்கிட்டயும் சொல்லாத. என் வூட்டுக்காரிகிட்டகூட.”

சரி என்றேன். எனக்கு அழுகை வந்தது. அந்த இடத்தில் அழுதால் நாய்கூட நம்மை மதிக்காது என்று அடக்கிக்கொண்டேன். உனக்கு எதுவுமே தெரியவில்லையா என்று கேட்டபோது, நீ நம் புளி போட்ட கிளாஸை மறுபடி எடுத்து வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். உன் முகம் மாறியது. தாடையைத் தடவினாய்.

“பல் கூசுது மச்சான்” என்றாய். “நாக்குக்குத் தெர்ல. பல்லுக்குத் தெரியுது!”

சின்னக் குழந்தை மாதிரி சிரித்தாய். கடைவாய்க்கு ஒதுக்கி, முன்பல்லுக்கு ஒதுக்கி, ஒவ்வொரு பல்லாக விசாரித்தாய். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, பீரை இவ்வளவு மரியாதையாகக் குடிக்கிற ஆளைத் தான் கண்டதே இல்லை என்றார். இருப்பதிலேயே அதிகம் புளித்தது எதுவோ அதைக் கொண்டுவரச் சொன்னாய். அதன்பிறகு பெங்களூருக்கு லோடு போகிறபோதெல்லாம் ஏரிக்கரையில் ஒரு கிளாஸ் உனக்கு. பாதியைக் குடிப்பாய், பாதியைப் பல்லுக்குக் கொடுப்பாய்.

ஊருக்கு வந்ததும் நம் நாடகம் ஆரம்பித்தது. நான் உனக்கு இடப்பக்கம் நிற்பேன். சும்மா வாயில் போடுகிற மாதிரி ஒரு துணுக்கு போட்டுக்கொள்வேன். நல்ல புளிப்பு என்றால் என் இடது கண் மூடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உப்பு என்றால் மூக்கைத் தேய்ப்பேன். நீயும் ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டு, வானத்தைப் பார்த்து, கடைசியில் தீர்ப்பு சொல்வாய். இரண்டு வருடம் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருமுறை எனக்கு உண்மையிலேயே மூக்கு அரித்து, ஒரு நல்ல மூட்டையை நீ தள்ளிவிட்டாய், அந்த ஆள் நம் இருவரையும் திட்டிய திட்டில் ஜீப் இறங்கும்வரை சிரித்தோம். ஆனால் உப்பு வீடு என்ற பேர் மட்டும் போகவே இல்லை. அதை எப்படித் துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்கவும் இல்லை.

இனி இன்றைக்கு நடந்தது.

இந்த வருடம் தங்கச்சியே புளி பார்த்து எடுப்பதாக இருக்கிறாள். உன் சின்னவளை நர்ஸிங்கில் சேர்க்க வேண்டும், சாமையை மட்டும் விதைத்தால் எங்கே போதும்? காலையில் அந்த வாசலில் என்னோடு வந்து நின்றாள். “இந்த வருசம் நான்தான் எடுக்கறேன். உங்க மரமெல்லாம் எனக்குக் குடுங்க” என்றாள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனைக்காதம்மா. உப்பு வூட்டுக்குக் குடுத்தா கீழ எங்க பேரும் கெட்டுரும்.”

அவள் தலைகுனிந்தாள். மச்சான், என்னிடம் இருந்த ஒரே மருந்து உன் ரகசியம். அவனுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது, அவன் திருடன் இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏரிக்கரையில் நீ என் கையைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது. புளியைத் தவிர வேறொன்றும் சம்பாதிக்காதவன் நீ. செத்தபிறகு அதையும் நான் பிடுங்குவதா?

“அந்த உப்பு இங்க கலந்தது இல்ல” என்றேன். “என் கோடவுன்ல கலந்தது. நான்தான் கலந்தேன். மாட்டிக்கினதும் பழிய அவன்மேல போட்டேன். அவன் வாயே தொறக்கல.”

உண்மையில் உப்பு கலந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்திருப்பார்கள். இரண்டு பேர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். மூட்டைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இருவது வருசம் உங்கூட சுத்தினவனுக்கு இதான் செஞ்சியாய்யா?” என்றார். அதுவரை இருந்த ‘ங்க’ போய்விட்டது. பெரியவர் காறித் துப்பிவிட்டு எழுந்தார். “மரத்த அந்தம்மாவுக்குக் குடுக்கலாம். ஆனா எடை இங்கயே போடணும், அந்தம்மா தராசுல. உன் தராசு வோணாம்” என்றார். சரி என்றேன்.

தங்கச்சி மூட்டைப் பக்கம் உட்கார்ந்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டாள். என் பக்கம் திரும்பினாள். இடது கண்ணை மூடினாள்.

புளிப்புக்கு மூடியது இல்லை அது. நிதானமாக, என்னைப் பார்த்து, கொஞ்சம் கூடுதல் நேரம் மூடிவைத்திருந்தாள். நம் சைகை இவளுக்கு எப்படித் தெரிந்தது?

இறங்கும்போது ஜீப்பில் கூட்டம். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “சோறு போட்டா நான் மொதல்ல ஒரு வாய் வெச்சிட்டு எதிர்லயே உக்காந்துக்குவேன்ணா. அவரு என் மூஞ்சியப் பாத்துட்டு சாப்புடுவாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது பாருங்க.”

மூன்று வருடம், மச்சான். ஒவ்வொரு வேளையும். அவளிடம்கூடச் சொல்லாதே என்று நீ என் கையைப் பிடித்துச் சொன்னாயே, அவள்தான் உனக்காக முகத்தைச் சுளித்துச் சுளித்து உட்கார்ந்திருந்தாள்.

பெங்களூர்ப் பெண் நேற்று கூப்பிட்டார். புதுப்புளி எப்போது வரும், சார் வருவாரா என்று கேட்டார். நீ இல்லை என்பதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் லோடு போகிறது. நேரில் சொல்கிறேன். தங்கச்சி அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்து, உன் பெஞ்சில் உட்கார்ந்து இருப்பதிலேயே புளித்ததாக ஒரு கிளாஸ் கேட்பேன். பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தைப் பல் கூசுகிற வரை வாயில் வைத்திருப்பேன்.

மலையில் உன் பேர் இப்போது சுத்தம். புளி தெரிந்தவன், வாய் திறக்காதவன் என்று ஜீப்பிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். உப்புக்காரன் நான்தான். டீக்கடையில் எனக்கு இன்று தனியாக ஒரு ஓரத்தில் டம்ளரை வைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய், நீ அன்றைக்கு ஊதி ஊதிக் குடித்த அதே இடத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்தேன்.